தேய்ந்த அரம்

திருவள்ளுவர் அரத்தை மூன்று இடங்களில் உவமையாக ஆண்டிருக்கின்றார். வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் வேந்தனின் வலிமையைத் தேய்ப்பதும், உட்பகை அதிகாரத்தில் குடியின் வலிமையைத் தேய்ப்பதும் அரத்தின் தொழிலாகவே காட்டப்படுகின்றன. பண்புடைமை அதிகாரத்திலோ, பண்பில்லாதவரிடத்தில் காணப்படும் அறிவுக் கூர்மைக்கு அரத்தின் கூர்மை ஒப்பாக நிற்கின்றது. தேய்ப்பது அரம், தேய்வது பிற பொருள் என்பதே உவமையின் தேவை. அரமும் தேயும் என்னும் செய்திக்கு அங்கே இடமில்லை. அந்தச் செய்தியை அறிந்தவர் புலவரல்லர், கொல்லர்.

பற்கள் மழுங்கிய அரம் இரும்பின்மேல் வழுக்கிச் செல்லுமேயன்றிக் கடிக்காது. பணிமனைக் கணக்கில் அது கழிவுப் பொருள். ஆயினும் மழுங்கியது பல்தானே தவிர எஃகு அன்று. பல்லைத் தாங்கிய உடல், முதல் நாள் இருந்த அதே கடினத்தோடுதான் இருக்கின்றது. இதனால் தேய்ந்த அரம் கொல்லர் தெருவுக்குச் சென்று கத்தியாகவும், தச்சரின் உளியாகவும், தோல் அறுப்பவரின் கருவியாகவும் இன்னொரு வாழ்வு தொடங்குகின்றது. கரக்பூர், ஜமால்பூர் ரயில்வே பணிமனைகளுக்கும் ஜாம்ஷெட்பூர் ஆலைக்கும் பம்பாய்ப் பரேல் பகுதிக்கும் பிட்டர் வேலையாகவும் டர்னர் வேலையாகவும் வந்து குடியேறிய நம்மவர் குடும்பங்களில், சமையலறைக் கத்தியின் அடிப்பகுதியில் அரத்தின் பல்வரிசை மங்கலாகத் தெரிவதைக் கண்டவர்கள் சிலரேனும் இருப்பர். அந்த மங்கலான வரிகளுக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. எஃகை உலகுக்கு ஏற்றுமதி செய்த ஒரு நாட்டின் கொல்லர், அயல்நாட்டு ஆலையில் தேய்ந்து கழிந்த அரத்தை எதிர்பார்த்து நின்ற வரலாறு அது.

இரும்பும் எஃகும் ஒன்றென்று பேசுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தக் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வது நல்லது. தூய இரும்பு மென்மையானது, வளையும், நிமிரும். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை கரி சேர்ந்தால் அது எஃகு ஆகின்றது. காய்ச்சி விரைந்து குளிரச் செய்தால் கடினம் பெறும் இயல்பு அப்போதுதான் வருகின்றது. சிவகளை முதலிய இடங்களின் காலக்கணிப்பை வைத்து, தமிழ்நாட்டில் இரும்பின் பழமை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்லும் என்று தமிழகத் தொல்லியல் துறை 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதனை அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர். அம்முடிவு எவ்வாறு நிலைபெறினும், இரும்பின் பழமை வேறு, உருக்கின் பழமை வேறு. உருக்குக்கு நாம் காட்டக்கூடிய சான்று நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்துப் பாடிய புலவர்கள் மணிகளுக்காகவும் வேலைப்பாடுகளுக்காகவும் நினைவுகூர்ந்த அதே ஊர்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய அகழாய்வில், மணி செய்த இடங்களோடு இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசைகளின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன. தெலங்கானத்துக் கோணசமுத்திரம், கன்னட நாட்டுக் கட்டிஹொசஹள்ளி ஆகிய ஊர்களும் இவ்வகையில் பெயர் பெற்றவை. ஆகவே இது தமிழருக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று. தென்னாட்டுக் கொல்லர் அனைவருக்கும் பொது. ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பியர் வழங்கிய பெயரே ‘உக்கு’ என்னும் கன்னட, தெலுங்குச் சொல்லின் சிதைவு என்பர். நம் ‘உருக்கு’ம் அதற்கு உறவுச்சொல்லே.

அந்த உருக்கை எவ்வாறு செய்தனர்? சென்னை மாகாண அரசில் அலுவலராக இருந்து, பின்னர் இரும்புத் தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1839-ஆம் ஆண்டளவில் எழுதிவைத்த குறிப்பு, கண்ணாரக் கண்டவர் எழுதியதாகையால் மிகவும் பயனுடையது. உலையில் எடுத்த இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, ஏறத்தாழ ஒரு ராத்தல் அளவு மண் மூசைக்குள் இடுவர். அதனோடு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை நறுக்கிப் பத்தில் ஒரு பங்கு எடைக்குச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடி, மூசையின் வாயைக் குழைத்த களிமண்ணால் அடைத்துவிடுவர். இவ்வாறு அமைத்த மூசைகள் இருபது முதல் இருபத்து நான்கு வரை எடுத்து, சிறிய உலையொன்றுக்குள் வளைவுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கரியிட்டு மூடி, இரண்டரை மணி நேரம் இடைவிடாது துருத்தி ஊதுவர். குளிர்ந்தபின் மூசையை உடைத்தால் அடியில் கட்டியாக உறைந்து கிடப்பது உருக்கு. அதனை மீண்டும் பல மணி நேரம் மிதமான வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்திய பின்னரே பட்டடைக்கல்லில் அடிக்க முடியும்.

ஆவாரையும் எருக்கும் நம் ஊர்ப் புறம்போக்கில் தாமே முளைப்பவை. ஆடு கூட எருக்கை விரும்பாது. அந்தச் செடிகளின் கரியே இரும்பினுள் புகுந்து அதனை எஃகாக்கிற்று. வாயடைத்த மூசைக்குள் காற்றுப் புகாமையால் கரி எரிந்து வீணாகாமல் இரும்போடு கலந்தது. இதற்கு வேதியியல் நூல் எதுவும் அவர்கள் கையில் இல்லை. குச்சியின் எடையும் துருத்தியின் கால அளவும் மூசை மண்ணின் பக்குவமும் தந்தையிடமிருந்து மகன் கையளவாகப் பெற்றவை.

பம்பாய்வாழ் நண்பர்களுக்குச் சுவையாக இருக்கக்கூடிய செய்தி ஒன்று. 1794-இல் ஹெலெனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் பம்பாயிலிருந்து இந்த உருக்குக் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மறு ஆண்டு ஜார்ஜ் பியர்சன் என்பவர் அவற்றை ஆராய்ந்து இராயல் கழகத்தில் படித்த கட்டுரையின் தலைப்பு, இது பம்பாயில் செய்யப்படுகின்ற ஒருவகை எஃகு என்று கூறுகின்றது! பம்பாய் கப்பல் ஏற்றிய துறைமுகமாக இருந்திருக்கலாம். உலை எரிந்த ஊர்கள் உள்நாட்டில் இருந்தன. செய்தவன் பெயரும் செய்த ஊரின் பெயரும் விழுந்துபோய், ஏற்றுமதித் துறையின் பெயர் மட்டும் எஞ்சியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அந்த எஃகைக் கொண்டு நுண்ணிய கத்திகள் செய்து, அது மிகச் சிறந்தது என்று கண்டார். அவரோடு சேர்ந்து 1819 முதல் சில ஆண்டுகள் இதனை ஆராய்ந்தவர், பின்னர் மின்னியலில் உலகப் புகழ் எய்திய மைக்கேல் பாரடே. பாரடேயின் தந்தை ஒரு கொல்லர் என்பது பலர் அறியாத செய்தி.

ஆனால் ஐரோப்பியக் கொல்லர் பலருக்கு இந்த எஃகு பெருந்தொல்லையாக இருந்தது. அவர்கள் பழகிய முறைப்படி வெள்ளை நிறம் வரும்வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தபோது அது பொரிமாவைப்போல் நொறுங்கிற்று. கரி மிகுந்த எஃகு குறைந்த வெப்பத்திலேயே உள்ளுக்குள் இளகத் தொடங்கிவிடும் என்பதே காரணம். கிச்சிலிப் பழத்தின் நிறத்துக்கு மேலே ஏற விடாமல், பொறுமையோடு பலமுறை காய்ச்சி, சிறு அடிகளாக அடித்து நீட்டவேண்டிய பொருள் அது. இந்தச் சிறு செய்தியை நினைவில் கொள்க. தேய்ந்த அரத்தின் கதை இதில்தான் வந்து சேர்கின்றது.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். டான்காஸ்டர் நகரில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், கடிகார வில்லுக்கு ஒரே சீரான எஃகு வேண்டி, 1740-க்குப் பின் ஷெபீல்டு அருகே மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டார். அவர் இந்தியரிடம் கற்றார் என்பதற்குச் சான்றில்லை; சான்றில்லாததைச் சொல்லிப் பெருமை கொள்வது நமக்கு அழகன்று. நம்மவர் முறையில் மூசைக்குள் உறைந்தது ஒரு சிறு கட்டி. ஹண்ட்ஸ்மன் முறையிலோ நீர்போல் உருகிய எஃகை அச்சில் வார்க்க முடிந்தது. உலையின் வெப்பமும் அளவும் பெரியவை. வார்ப்பு எஃகால் ஷெபீல்டு உலகின் கத்திக் கடையாயிற்று. கத்திக்கு அடுத்தபடியாக அது பெயர் பெற்றது அரத்துக்கு.

அரம் வெட்டுவது கொடிய தொழில். அரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஒரு மனிதன் உளியும் சுத்தியலும் கொண்டு கண்ணளவாக வெட்டினான். ஒரு பக்கம் வெட்டி முடித்துத் திருப்பும்போது புதிய பற்கள் சிதையாதிருக்க, அடியில் ஈயக் கட்டியை வைத்தனர். ஈயத் தூள் உடம்பில் ஏறி, வெட்டுபவரின் மணிக்கட்டு செயலிழந்து கை தொங்கிப் போகும். இது அந்நகரில் பெயர் பெற்ற தொழில்நோயாக இருந்தது. 1864-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நிக்கல்சன் தொடங்கிய ஆலையில் எந்திரங்கள் பல் வெட்டத் தொடங்கியபின் கைத்தொழில் மெல்ல மறைந்தது. நம் ஊர்க் கொல்லர் உலையில் இட்ட பழைய அரங்களில் சில, பெயரறியாத அந்த ஷெபீல்டு மனிதர்களின் கைபட்டவையாக இருக்கலாம்.

ஹீத்தின் கதையை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். சேலத்துத் தாதைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் ஆங்கில முறையில் பெரிய இரும்பாலை நடத்த அவர் 1830-ஆம் ஆண்டில் முயற்சி தொடங்கினார். உலைக்குக் காடு காடாகக் கரி வேண்டியிருந்தது, பணமும் போதவில்லை. ஆலை நட்டத்திலேயே நடந்து, அந்த நூற்றாண்டு முடியுமுன் மறைந்தது. ஆனால் ஹீத் இங்கிலாந்து திரும்பி 1839-இல் ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் சிறிது மாங்கனீசு சேர்த்தால், சுவீடனிலிருந்து வரும் விலையுயர்ந்த இரும்பு இல்லாமலே நல்ல எஃகு செய்யலாம் என்பது அதன் பொருள். ஷெபீல்டு எஃகின் விலை சரிந்தது. அவருக்கு முகவராக இருந்தவரே காப்புரிமையின் சொற்களில் ஓர் இடுக்குக் கண்டு அதனைத் தமதாக்கிக் கொள்ள, ஹீத் வழக்காடியே 1851-இல் இறந்தார். தென்னிந்திய இரும்பில் இருபது ஆண்டுகள் ஊறிய ஒருவரின் கண்டுபிடிப்பு ஷெபீல்டு அரத்தை மலிவாக்கிற்று. மலிந்த அயல்நாட்டு எஃகு கப்பலேறி வந்து தென்னிந்திய உலைகளை அவித்தது. 1856-இல் பெஸ்ஸமர் முறை வந்தபின் போட்டிக்கே இடமில்லாமல் போயிற்று. 1878-ஆம் ஆண்டில் வந்த படைக்கலச் சட்டமும் காட்டுச் சட்டமும், 1882-இல் வந்த சென்னைக் காட்டுச் சட்டமும் எஞ்சியிருந்த வாளையும் கரியையும் கட்டுப்படுத்தின. ஈழத்தில் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த ஆனந்த குமாரசுவாமி, வழக்கொழிந்துகொண்டிருந்த மூசை எஃகு முறையை அறிந்தவர்களைக் கொண்டு செய்யச் சொல்லிக் கண்டு, 1908-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்து வைத்தார். நம் மாவட்டங்களில் அவ்வளவு விரிவாகப் பதிந்து வைக்க ஒரு குமாரசுவாமி வாய்க்கவில்லை என்பது என் மனக்குறை.

இவ்வாறு உருக்கும் கலை போயிற்று. ஆனால் கொல்லனின் கல்வி இரண்டு பாதி உடையது. தாதிலிருந்து எஃகு வரை உள்ளது ஒரு பாதி. எஃகிலிருந்து கத்தி வரை உள்ளது மறு பாதி. முதற்பாதியை இழந்த கொல்லன் மறுபாதியை இழக்கவில்லை. அதனைப் பயிலுவதற்கு அவனுக்கு எஃகு வேண்டியிருந்தது. பெரம்பூரில் 1856-லும், ஜமால்பூரில் 1862-லும் ரயில்வே பணிமனைகள் எழுந்தன. 1928-இல் நாகப்பட்டினத்துப் பணிமனை பொன்மலைக்கு மாறிற்று. இவற்றின் வாயிலில் தேய்ந்த அரங்களும் முறிந்த வில்களும் குவிந்தன. பழைய இரும்புக் கடை வழியாக அவை பட்டறைக்கு வந்தன. வந்த அரத்தில் கரியின் அளவு நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் வரை. கொடுமணல் வழிவந்த ஊட்ஸ் எஃகின் அளவு ஒன்றும் ஒன்றேமுக்காலும் ஆகிய எல்லைக்குள் பெரும்பாலும் அடங்குவது. அயலூர் எஃகாயினும் அதன் குணம், பாட்டன் அடித்த எஃகின் குணமே. வெள்ளைக்குக் காய்ச்சினால் இதுவும் நொறுங்கும். ஆகவே பாட்டன் கற்பித்த நிறக்கணக்கு பேரனுக்கு வீணாகவில்லை. இதற்கு ஏட்டுச் சான்று காட்ட இயலாது. எனினும் இரு பொருள்களின் இயல்பும் ஒன்றாயிருத்தலால் இவ்வாறு கருதுவதே பொருத்தம் என்பது என் துணிபு.

அந்த வேலையைச் சற்று விரித்துக் கூறுவேன். அரம் வந்தவுடன் அதனை அடிப்பதில்லை. அது கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருப்பதால் முதலில் அதன் கடினத்தைக் கழிக்கவேண்டும். சிவக்கக் காய்ச்சி, உலைச் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டுவிடுவர். சாம்பல் சூட்டை மெல்ல மெல்லவே வெளிவிடுவதால், காலையில் எடுக்கும்போது எஃகு இளகிய குணத்தோடு இருக்கும். அடுத்தது பற்களைத் தேய்த்து முழுவதும் போக்குவது. சோம்பல்பட்டு இதனை விடுபவர் உண்டு, பின்னர் வருந்துவர். பல்லோடு அடித்தால் ஒவ்வொரு பல்லின் பள்ளமும் மடிந்து உள்ளே புதைந்து, தோய்ச்சலின்போது அங்கிருந்தே வெடிப்புப் பிறக்கும். கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் மட்டும் சிலர் பற்களை விட்டுவைப்பர். முன்னர்க் கூறிய மங்கலான வரிகள் அவையே.

பின்னர்க் கிச்சிலி நிறத்துக்குக் காய்ச்சி அடித்து, அலகை நீட்டி, வாய்ப்புறத்தை ஒடுக்குவர். சிவப்பு மங்கியபின் அடிக்கலாகாது. அரத்தின் வால் கைப்பிடிக்குள் செல்லும் காம்பாக அப்படியே அமைந்துவிடுகின்றது. அரம் கத்தியாவதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றும் இடம் இது. வடிவம் வந்ததும் வாயைத் தீட்டிவிட மாட்டார்கள். நாணயத்தின் விளிம்பளவு தடிப்பு வைத்தே தோய்ச்சலுக்குக் கொண்டு செல்வர். மெல்லிய வாய் நெருப்பில் கரியை இழக்கும், குளிரும்போது நெளியும்.

தோய்ச்சல்தான் கத்திக்கு உயிர் தருவது. பட்டறை எப்போதும் இருட்டாக இருப்பதைக் கண்டு, வறுமை என்று எண்ணுவோர் உண்டு. வெயிலில் நெருப்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் தோய்ச்சல் இல்லை. எஃகு ஏறத்தாழ 770 பாகை செல்சியசைக் கடக்கும்போது காந்தம் அதனைப் பற்றுவதில்லை. அதற்குச் சற்று மேலே, செவ்விய சிவப்பில், அலகை எடுத்து எண்ணெயில் நேராக இறக்கவேண்டும். சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முன்னே குளிர்ந்து அலகு வளைந்துவிடும். அரத்தை ஆலையில் தோய்ப்பது உப்பு நீரில். ஆனால் மெல்லிய அலகை நீரில் தோய்த்தால் ‘டிக்’ என்னும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் போயிற்று என்பது பொருள்.

எண்ணெயிலிருந்து வெளிவந்த அலகு அரத்தின் கடினத்தை மீண்டும் பெற்றிருக்கும்; கீழே விழுந்தால் உடையும். அதனால் கடினத்தில் கொஞ்சத்தை விற்று உறுதியை வாங்கவேண்டும். அலகைத் தேய்த்து வெண்மையாக்கி, முதுகுப்புறத்தைச் சுட்ட இரும்பின்மேல் வைத்தால், நிறங்கள் முதுகிலிருந்து வாயை நோக்கி நடந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அதன்பின் பழுப்பு, அதன்பின் ஊதா, இறுதியில் நீலம். ஏறத்தாழ 220 பாகையில் தோன்றும் வைக்கோல் நிறம் வாயை எட்டும் நொடியில் நீரில் நனைத்து நிறுத்துவர். அப்போது முதுகு நீலத்தில் இருக்கும். வாய் கடினம், முதுகு உறுதி. ஒரே உலோகத்தில் இரண்டு குணம். காய்கறிக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். முள் வெட்டவும் தேங்காய் உடைக்கவும் வேண்டியதற்குப் பழுப்பு வரை விடுவர். இந்த நடையைக் கண்ணால் பிடிப்பதற்குச் சில நொடிகளே உண்டு. அந்தச் சில நொடிகளுக்காகவே ஒருவன் பத்தாண்டுகள் துருத்தி ஊதவேண்டியிருந்தது.

இவ்வாறு செய்த கத்தியில் தமாஸ்கு வாளின் நீரோட்ட வரிகள் தோன்றுமா என்று சிலர் கேட்பதுண்டு. தோன்றா. அவ்வரிகள் தாதில் இயல்பாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற நுண்ணளவுக் கலப்புகளால் விளைந்தவை என்று வெர்ஹோவன், பெண்ட்ரே ஆகியோர் 1998-இல் காட்டினர். ஆலை எஃகு அந்த அளவில் வேறானது. வரி இல்லை என்பதனால் கூர்மைக்குக் குறைவில்லை.

அண்மைக் காலத்தில் கொல்லர்க்கு இன்னொரு சிக்கல் வந்துள்ளது. மலிவு அரங்களுள் சில, மேற்பரப்பில் மட்டும் கரியேற்றிக் கடினமாக்கப்பட்டவை. உள்ளே மென்மையான இரும்பு. அதனைக் கத்தியாக்கித் தீட்டினால் இரண்டாவது தீட்டலில் வாய் போய்விடும். எனவே அனுபவமுடையவர் முதலில் அரத்தின் நுனியை ஒடித்துப் பார்ப்பர். முறிவு முழுவதும் சாம்பல் நிறத்தில் நுண்மணியாக இருந்தால் எடுத்துக்கொள்வர். ஓரத்தில் ஒரு வளையம்போல் வேறு நிறம் காட்டினால் ஒதுக்கிவிட்டு, லாரிப் பட்டையை எடுப்பர். லாரிப் பட்டையில் கரி அரைப் பங்குக்குச் சற்று மேல்தான். ஆயினும் மரத்தில் ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அந்த உறுதியே தேவை என்பதால், திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயரைத் தாங்கும் பட்டறைகள் முதலாகப் பலவற்றிலும் அதுவே வழக்கம். மெல்லிய வாய் வேண்டும் கத்திக்கு மட்டும் இன்றும் நல்ல பழைய அரத்தைத் தேடுகின்றனர்.

தோய்ச்சல் சரியாக ஏறியதா என்று பார்ப்பதற்கும் அரமே வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த அலகின் ஓரத்தில் அரத்தை வைத்து இழுக்கும்போது அது கடித்தால் தோய்ச்சல் தவறிற்று. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் நின்றது. இந்தச் சோதனைக்கென்றே தேயாத அரம் ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பட்டறையின் உத்தரத்தில் செருகி வைத்திருப்பர். வேறு எந்த வேலைக்கும் அதனை எடுப்பதில்லை.